எட்டுப் போடும் நாள்

எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர் பின்னால் இன்னொரு ஆள் ஏறினால் வண்டி அசையாது. புது வண்டிகளின் குணம் அப்படி. சித்தாள் வேலைக்குத் தன் வண்டியில் தனியாகப் போகும் அந்தக் கால்மணி நேரந்தான் இருளாயியை யாரும் ஏவாத நேரம். லைசென்ஸ் வந்துவிட்டால் புருஷன் சன்னாசி பின்னால் ஏறிக்கொண்டு வழிநெடுக உயிரை எடுப்பான். அதனால் இந்த முறையும் எட்டுப் போடும்போது அவள் காலைத் தரையில் ஊன்றினாள்.

பரீட்சை வைத்து முடிவு எழுதுவதும் அந்தப் பேசும் வண்டியேதான். "அக்கா, வேணும்னே கால ஊனுறீங்க. எட்டு உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. பாஸ் போடப்போறேன்" என்றது.

"என் ராசால்ல! வெளிய நிக்கிற மனுசனப் பாரு. அவரயும் சொமந்துக்கிட்டுத் திரியணுமா நீயி?"

வேலிக்கு அப்பாலிருந்து சன்னாசி, "அடியே, கிளச்ச விடாத!" என்று கத்தினான். அந்த வண்டிக்குக் கிளச்சே கிடையாது.

வண்டி மெதுவாக, "பொய் எழுத எனக்கு வராதுக்கா. ஆனா ஹெல்மெட் வாரக் கழட்டிட்டீங்கன்னா நெசமாவே ஃபெயில்தான்" என்றது.

வெளியே வந்ததும் இருளாயி, கழற்றியிருந்த வாரை இறுக்கி மாட்டினாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இன்னைக்கும் போச்சுங்க. நீங்க பஸ்ல வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.