கையெழுத்துத் தட்டு

அறையில் நான்கு பேர். பெரிய மேசைக்குப் பின்னால், தன் பட்டங்கள் மாட்டிய சுவருக்குக் கீழே, வக்கீல் மகாதேவன். எதிரே இரண்டு நாற்காலிகளில் மகேந்திரராசாவும் அவர் மனைவி மேர்சியும். ஜன்னலோரக் கம்ப்யூட்டர் முன்னால் ஷ்யாமளா. வக்கீலுக்குப் பேப்பர் தயாரிக்கும் பாராலீகலாகச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் அவள் இடம்.

வெளியே பார்சிப்பனி நகரம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. காபியை யாரும் தொடவில்லை.

"அமெரிக்கா வந்து ஒரு வருசத்துக்குள்ள அடைக்கலம் கேக்கிற அசைலம் பேப்பர் போகோணும் எண்டு சொன்னது நீங்கள்," என்றார் மகேந்திரராசா. "கேட்டது எல்லாம் தந்தனாங்கள். பிறகு ஏன் போகேல்ல?"

"பேப்பர் எல்லாம் ரெடியா இருந்தது அண்ணா," என்றாள் ஷ்யாமளா. "வக்கீல் கையெழுத்துக்காகத் தட்டுல கிடந்தது. மூணு வாரம். அதுக்குள்ள தேதி தாண்டிடுச்சு."

மேசையின் இடது ஓரத்தில் இருந்தது அந்த மரத்தட்டு. ஷ்யாமளா தயாரித்ததை அதில் வைப்பாள். மகாதேவன் கையெழுத்துப் போடுவார். அவள் எடுத்துத் தபாலில் சேர்ப்பாள். ஆறு வருடப் பழக்கம். டிசம்பருக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

இப்போதும் திரும்பவில்லை. தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"திருப்பி அனுப்பினா கட்டுநாயக்கா எயார்போட்டிலயே இவரைப் பிடிப்பாங்கள்," என்றாள் மேர்சி. "பிள்ளையளை வச்சுக்கொண்டு நான் எங்க போறது?"

"ஒரு வழி இருக்கு அக்கா." பஸ் நேரம் சொல்வதுபோல் இருந்தது ஷ்யாமளாவின் குரல். "வக்கீல் தப்பாலதான் லேட்டாச்சுன்னு காட்டினா, கேஸை எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. அந்த வக்கீல் மேல நீங்க எழுத்துல புகார் குடுத்திருக்கணும்."

மகேந்திரராசா மேசைக்குப் பின்னால் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "ஒருத்தற்ற பிழைப்பில கை வைக்கிறதோ, பிள்ளை? லைசன்ஸ் போகுமே?"

"போகலாம். கொஞ்ச நாள் நிறுத்தியும் வைக்கலாம். அதை நீங்க யோசிக்காதீங்க அண்ணா."

"எங்களுக்காகக் கண்முழிச்சு எழுதினனி நீ," என்றாள் மேர்சி. "உனக்கு இதால ஒரு கரைச்சல் வருமெண்டா எங்களுக்கு இந்தக் கடிதமே வேண்டாம்."

"முதல்ல லெட்டரை முடிப்போம் அக்கா."

மகாதேவன் தொண்டையைச் செருமினார். "என் பேரையே போட்டுடும்மா. ஜூன் மாசத்தோட ஆபீஸை மூடப் போறவன். எனக்கு இதுல போறதுக்கு ஒண்ணும் இல்லை."

"பாருங்கோ, அவரே ஒத்துக்கொள்ளுறார்," என்று கணவனிடம் முணுமுணுத்தாள் மேர்சி.

"பேரைக் கடைசியில போட்டுக்கலாம் சார்," என்று விசைப்பலகைப் பக்கம் திரும்பினாள் ஷ்யாமளா.

ஆங்கிலத்தில் அடித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள். வக்கீல் தேதியைக் குறித்து வைக்கவில்லை. தட்டில் இருப்பதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இது மன்னிக்கத் தகுந்த கவனக்குறைவு அல்ல.

"அவ்வளவு கடுமையா வேண்டாம்மா," என்றார் மகாதேவன்.

"கடுமையா இருந்தாத்தான் சார் எடுபடும்."

கடைசியில் பேரை அடித்தாள்; அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரிண்டர் இழுத்து இழுத்து ஓடியது. மேர்சிக்கு அந்தச் சத்தத்தில் சும்மா இருக்க முடியவில்லை. "இங்க வேலை முடிய நியூவர்க்குக்கு ஓடுவியே, சட்டம் படிக்க. காருக்குள்ள சாண்ட்விச் திண்டுகொண்டு. அது முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அக்கா. முடிக்க நாலு வருஷம் ஆச்சு."

"நல்லது. இனி என்னவெண்டாலும் உன்னட்டத்தான் வருவம். இவையளை நம்பேலாது."

ஷ்யாமளா தலையசைத்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, முகம் அசையவில்லை.

கையெழுத்துப் போட எழுந்த மகேந்திரராசாவின் காலில் சுவரோரம் சாய்த்திருந்த ஏதோ இடித்தது. பழுப்புத் தாள் சுற்றிய ஃப்ரேம். "என்ன படம் பிள்ளை? உடைச்சுப் போட்டனோ?"

"இல்ல அண்ணா. டிசம்பர்ல மாட்டலாம்னு வாங்கினேன். நேரம் கிடைக்கல."

அவர் வழக்கம்போலக் கடிதத்தை வாசிக்காமல், "எங்க கையெழுத்து வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவள் விரல் காட்டிய இடத்தில் வைத்தார். ஷ்யாமளா தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டாள். பசை ஓரத்தை நாக்கில் தடவி ஒட்டினாள். அதன் கசப்புகூடத் தெரியவில்லை. தபால்தலையை நேராக ஒட்டி அவரிடம் நீட்டினாள். "வாசல்லயே பெட்டி இருக்கு அண்ணா. நீங்களே போட்டுடுங்க. வேற வக்கீல் ஒருத்தர்கிட்ட நாளைக்கே உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன்."

ஜன்னல் வழியே மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். மகேந்திரராசா மழையில் குனிந்து போனார். நீலப் பெட்டியின் மூடி திறந்து மூடிக்கொண்டது.

மேர்சி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததை மகாதேவனிடம் கொட்டினாள். "ஒரேயொரு கையெழுத்து, ஐயா. அதை வைக்க உங்களுக்கு மூண்டு கிழமை காணேல்லயோ?"

மகாதேவன் ஷ்யாமளாவைப் பார்த்தார். அவள் மரத்தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவர் போட வேண்டியது இல்ல அக்கா. டிசம்பர்ல லைசன்ஸ் வந்ததிலேருந்து உங்க கேஸுக்கு வக்கீல் நான்தான்."