தலைவரின் வெள்ளை மூலை

"அன்பர்களே! நம்ம பர்னி நகரத்தின் சதுரங்க வரலாற்றில் இன்று ஒரு மாபெரும் நிகழ்வு. வெறும் பிஷப்பையும் குதிரையையும் வைத்துக்கொண்டு ஒரு தனி ராஜாவை வீழ்த்துவது எப்படி என்பதை இதோ, உங்கள் கண்ணெதிரே..."

"லயனல், ஆட்டத்துக்கு நடுவுல பேசக் கூடாது" என்றார் நடுவர் ராஸ்.

"நான் கிளப் தலைவர்."

"தலைவரும் பேசக் கூடாது. உட்காருங்க."

லயனல் கிராடாக் டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். சரித்திரம் சற்றுப் பொறுத்துக்கொண்டது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே விஷயத்தைப் பற்றித்தான் அவர் கிளப்பில் ஒன்றரை மணி நேரம் உரையாற்றுவார். ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலை உரை முடிந்த பிறகே வைப்பார் என்பதால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் இந்த முடிவாட்டம் நிஜப் பலகையில் அமைந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. அவரும்தான்.

இன்று அமைந்துவிட்டது. அதுவும் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில். எதிரே, துறைமுகத்தில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் பெவ். அவளிடம் மிச்சம் ஒரே ஒரு கறுப்பு ராஜா. லயனல் ஜெயித்தால் கோப்பை அவருக்கு. டிரா ஆனால் அரைப் புள்ளி முன்னிலையில் பெவ்வுக்கு.

சிறிது நேரத்தில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு லயனலின் மனைவி ஹெதர் வந்தாள். கைப்பையை மேசை ஓரத்தில் வைத்தாள். அங்கே வெட்டுப்பட்டுக் கிடந்த காய்களில் வெள்ளை ராணி உருண்டு விழுந்தது. எடுத்து நிறுத்தினாள்.

"இன்னும் முடியலையா?" என்று ராஸின் காதருகே கேட்டாள். "கோப்பை வைக்கணும்னு லயனல் எங்கம்மா போட்டோவையெல்லாம் அலமாரியிலேர்ந்து இறக்கச் சொல்லிட்டான். இறக்கிட்டேன்."

"ஐம்பது நகர்த்தலுக்குள்ள மேட் பண்ணணும், ஹெதர். இல்லைன்னா டிரா. பாதிக்கு மேல போயாச்சு."

"ரொம்பக் கஷ்டமா?"

"பெரிய பெரிய ஆளுங்களே இதுல சொதப்பியிருக்காங்க."

"ஐயோ பாவம். இத்தனை பேர் ஆடுறாங்க, இவனுக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரேன்."

ராஸ் கூரையைப் பார்த்தார். லேசாக இருமினார்.

பலகையில் கறுப்பு ராஜா ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. லயனல் அதை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெவ் மறுப்பே சொல்லாமல் போனாள். மூலையில் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

 லயனல் தேநீர்க் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"வெள்ளைக் கட்டத்து பிஷப்னா வெள்ளை மூலைக்குத்தானே தள்ளணும்?" ஹெதர் கிசுகிசுத்தாள். "சாப்பிடும்போதெல்லாம் சொல்வானே. இது கறுப்பு மூலையாச்சே."

"வாயைத் திறக்காதீங்க, ஹெதர். வேடிக்கை பார்க்கிறவங்க பேசினா வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்."

லயனலுக்கும் விஷயம் உறைத்துவிட்டது. நெற்றியைத் துடைத்தார். ராஜாவை வெள்ளை மூலைக்கு மாற்ற வேண்டும். அதற்குக் குதிரை ஒரு குறிப்பிட்ட வழியில் வளைந்து வளைந்து போக வேண்டும். அந்த வழியை அவர் கலர் சாக்பீஸால் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறார். இப்போது குதிரையைக் கையில் எடுத்தார். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அந்தப் பக்கம் வைத்தார்.

கறுப்பு ராஜா இந்தப் பக்கமாக நழுவி, பலகையின் நடுவுக்கு வந்துவிட்டது.

"தலைவரே, அஞ்சு மணிக்கு நான் எண்ணெய்ச் சட்டி வைக்கணும்" என்றாள் பெவ். "மீன் வறுவலும் சிப்பிக்கறி அடைச்ச ஸ்காலப் பையும் கேட்டு ஆளுங்க வரிசையில நிப்பாங்க."

"பேசாதீங்க, பெவ்! கவனம் சிதறுது."

"சிதறுறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். லயனல் பிஷப்பை நகர்த்தினார், ராஜாவை நகர்த்தினார், பிஷப்பை அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்.

"ராஸ், ஐம்பது ஆயிடுச்சு. டிரா கேட்கிறேன்" என்றாள் பெவ்.

ராஸ் குறித்து வைத்ததைச் சரிபார்த்தார். தலையசைத்தார். கடிகாரத்தை நிறுத்தினார்.

லயனல் மெல்ல எழுந்தார். "அன்பர்களே! மனிதன் முயலலாம். ஆனால் விதி, சதுரங்கத்தின் மிகக் கடினமான நிலையை ஒருவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்போது..."

கூட்டம் தேநீர்ப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஹெதர் மட்டும் அவர் தோளைத் தொட்டாள்.

"விடு லயனல். உன் மேல என்ன தப்பு? வேற யாருக்கும் வராத கஷ்டமான ஆட்டம் உனக்கு வந்து அமைஞ்சிடுச்சு. நீ என்ன பண்ணுவே?"

கோட்டு மாட்டிக்கொண்டிருந்த பெவ் நின்றாள்.

"அமைஞ்சுதா? நல்லா இருக்கே! ஹெதர், இவரோட குதிரை ரெண்டையும் நான் எப்பவோ வெட்டிட்டேன். இவர்கிட்ட ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும்தான் இருந்துச்சு. அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்துடுச்சு. அங்க வந்தா எந்தக் காயா வேணா மாத்திக்கலாம், ராணியா மாத்தினா கதை முடிஞ்சுது. நானும் தோத்துட்டேன்னு கையை நீட்டிட்டேன். இவர் என் கையைத் தள்ளி விட்டுட்டு, சிப்பாயைக் குதிரையா மாத்தி வச்சு, எழுந்து நின்னு 'அன்பர்களே'ன்னு ஆரம்பிச்சார்."

ஹெதர் வீட்டுக்குப் போய் அம்மாவின் போட்டோக்களை மறுபடி அலமாரியில் ஏற்றினாள்.