பர்சுக்குள் வந்த புது ஆள்

தீபாவளிக்கு ஆபீஸில் கொடுத்த கிஃப்ட் கார்டு, செண்பகவல்லியின் பர்சுக்குள் வந்து சேர்ந்தது. அங்கிருந்த ஏடிஎம் கார்டு அதை ஏற இறங்கப் பார்த்தது.

"உன் மேல பேரே இல்லையே. நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

"கையில வச்சிருக்கிறவங்க வீட்டுப் பிள்ளை."

"ஓடிபியாவது கேப்பியா?"

"எதுக்கு? இந்த வெள்ளிப் பட்டையைச் சுரண்டினா நம்பர் வரும். அதைச் சொன்னாப் போதும்."

"அப்போ உன்னை நம்ப முடியாது" என்று ஏடிஎம் கார்டு தள்ளிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் செண்பகவல்லி ஆன்லைனில் பாதி விலைக்கு ஒரு மிக்ஸியைப் பார்த்தாள். விற்பவன் போனில் குழைந்தான்.

"கிஃப்ட் கார்டுலயே கட்டிடுங்கக்கா. ஏடிஎம் கார்டு நம்பரை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. காலம் கெட்டுக் கிடக்கு."

எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்தவள், பட்டையைச் சுரண்டி நம்பரை நிதானமாக வாசித்தாள்.

பர்சுக்குத் திரும்பிய கிஃப்ட் கார்டு நெஞ்சை நிமிர்த்தியது. "பாத்தியா? மிக்ஸி வாங்கியாச்சு!"

"மிக்ஸி வரட்டும், பார்க்கலாம்" என்றது ஏடிஎம் கார்டு.

சற்று நேரத்தில் மறுபடியும் போன் அடித்தது.

"அக்கா, அந்த நம்பர் எடுக்கவே மாட்டேங்குது. பரவாயில்லை, நம்மகிட்டதானே, ஏடிஎம் கார்டு நம்பரையே சொல்லிடுங்க."

பர்ஸின் ஜிப் திறந்தது. ஏடிஎம் கார்டு அவசரமாக நகர்ந்து, கிஃப்ட் கார்டின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.