ஏழாவது காப்பு

காலையில் எழுந்தபோது குரல் சுத்தமாகப் போயிருந்தது. மாலையில் மகாராஜா முன்னால் பாட வேண்டும்.

"போகாதீங்க. அவர் காதை ஏமாத்த முடியுமா?" என்றாள் மனைவி.

போகாவிட்டால் மறுபடி அழைப்பே வராது. என் கையில் ஆறு தங்கக் காப்புகள். எல்லாம் என் குரலுக்கு அவர் போட்டவை.

மகாராஜா தனியாகத்தான் பாட்டுக் கேட்பார். பளிங்கு மண்டபத்தில் நாங்கள் இருவர் மட்டும். தம்புராவை மீட்டியபடி வாயை மட்டும் அசைத்தேன். வழக்கம்போல் கண்கொட்டாமல் என் வாயையே பார்த்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

முடிந்ததும் எழுந்து வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். ஏழாவது காப்பை மாட்டினார்.

"இன்னைக்கு மாதிரி நீங்க பாடினதே இல்ல."

வெளியே கதவோரம் நின்றிருந்த திவான் என்னை ஓரமாக இழுத்தார்.

"உள்ளேருந்து தம்புரா சத்தம்தான் வந்துச்சு, உங்க குரல் வரவே இல்ல. இனிமே மறைச்சு என்ன? மகாராஜாவுக்குக் காது கேக்காது. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க."

போன உயிர் திரும்பி வந்தது.

"எப்பலேருந்து?" என்று கிசுகிசுத்தேன்.

"பத்து வருஷமாச்சு."

காப்புகளைப் பார்த்தேன். நான் அரண்மனைக்குப் பாட வந்து எட்டு வருஷம்தான் ஆகிறது.