தடுக்கி விழுந்த பூதம்

விலை ஐந்து பவுண்டு. நாங்கள் ரசிகர்களாக இருக்கும் பழைய தொலைக்காட்சி விண்வெளித் தொடரில், அழிந்துபோனதென்று ஐம்பது வருடமாக நாங்கள் புலம்பிய அத்தியாயத்தின் படச்சுருள் அது. தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் நைஜல் அதையும் நாலுக்குக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

லீட்ஸில் மதுக்கடை மாடியில் ரசிகர் மன்றத்தார் ஏழு பேரும் கூடினோம். தொடரிலேயே இதுதான் சிறந்தது என்று, பார்க்காமலே சத்தியம் செய்துவந்தவர்கள் நாங்கள். படம் ஓடிய பத்தாவது நிமிடமே பேச்சு மாறியது.

"பூதமாடா இது? முதுகுல ஜிப் தெரியுது!" என்றான் நைஜல்.

"ஐயோ, தன் வாலே தடுக்கி விழுது பாரு!" என்றாள் மோரீன். சிரிப்பில் பீர் சிந்தியது.

பெர்னார்ட் மட்டும் சிரிக்கவில்லை. "அது நடந்து வர்ற இடத்தை இன்னொரு தடவை போடுப்பா" என்றான்.

"முதல்ல ஓட்டெடுப்பு. குப்பைங்கறவங்க கை தூக்குங்க" என்றேன், மன்றத் தலைவனாக. என் கையோடு ஆறு.

"பெர்னார்ட், நீ?"

"அருமை."

"எதுய்யா அருமை? அந்த ரப்பர் பூதமா?"

"உள்ள இருக்கறது எங்கப்பா. எனக்கு ஒரு வயசுல போயிட்டாரு. அவரு நடந்து இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நைஜல் சுருளைத் திருப்பி ஓட்டினான். பூதம் மறுபடி நடந்து வந்து விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுபடி கை தூக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்றக் கணக்கில் அது இன்றும் அப்படியே நிற்கிறது: குப்பை ஆறு, அருமை ஒன்று.