பொத்தானுக்கு முந்தைய இரண்டு நொடி

கண் கூசும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு இரண்டாவது விளக்கையும் போட்டேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மனைவி வெளிச்சத்தில் மிதந்தாள்.

வழக்கமாக அந்த ஸ்டூலில் பாட்டில்தான் உட்காரும்.

தொழிற்சாலையின் சோதனை அறையில் கண்ணாடிப் பாட்டில்களை உடைப்பது என் வேலை. உடைவதை நொடிக்கு ஆயிரம் படமாகப் பிடித்து, விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று கணினியில் காட்ட வேண்டும். வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால் திட்டு, அங்கே உடைத்தால் சம்பளமா என்று இவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கேமராவுக்கு அவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி. மாலையில் வீடு திரும்பினால் முதலில் சக்களத்தியின் சௌக்கியத்தைத்தான் விசாரிப்பாள்.

இதெல்லாம் முன்பு.

ஒரு நாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாய் வழியாக ஒழுகியது. அன்றிலிருந்து அவள் முகத்தின் இடது பாதி அசையவில்லை. நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் தானே சரியாகும் என்றார் டாக்டர். நூலளவு அசைந்துவிட்டால் பிறகு பயமில்லை என்றும் சொன்னார்.

அந்த நூலளவைத்தான் மூன்று மாதமாகத் தேடுகிறேன். கண் விழித்ததும் அவள் கன்னம். காபி குடிக்கும்போது அவள் கன்னம். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் புருவத்துக்குள் ஒரு மச்சம் ஒளிந்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தும் கன்னத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

என் கண்ணுக்குத் தப்பியது கேமராவுக்குத் தப்பாது என்று தோன்றியது. விடுமுறை நாளாகப் பார்த்து, அனுமதி வாங்கி, அவளை இங்கே அழைத்துவந்துவிட்டேன். உள்ளுக்குள் பயம்தான். கேமராவும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது?

கேபிளைக் கணினியில் செருகினேன். லென்ஸை மூடி, இருட்டு என்றால் எப்படி இருக்கும் என்று முதலில் கேமராவுக்குக் காட்டினேன். அதைக் காட்டாவிட்டால் படமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். பிறகு மூடியைக் கழற்றி, எப்போதும்போல வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் ஃபோகஸைத் திருகினேன். திரையில் அவள் கன்னத்துப் பூனைமுடிகள் ஒவ்வொன்றாகத் தங்க நிறத்தில் எழுந்து நின்றன.

கேமராவின் முதுகில் தட்டிக்கொடுத்தேன். ஒவ்வொரு பாட்டிலுக்கு முன்பும் செய்வதுதான்.

“கண்ணு, இன்னைக்கு மட்டும் சொதப்பிடாதம்மா.”

மூடியை மேசையில் துப்பிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். உடனே தயாராக வைத்திருந்த கதையை எடுத்துவிட்டேன். அவள் அண்ணன், தான் வாங்கிய நாற்காலியின் உறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டே அதோடு மல்லாந்து விழுந்த கதை. அண்ணன் மானம் போகும் கதை என்றால் அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

சிரித்தாள். வலது பக்கம் மட்டும். இடது பக்கம் சுவர் மாதிரி இருந்தது.

விளக்குகளை அணைத்துவிட்டுப் பதிவைத் திறந்தேன். திரையில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. பாட்டில் எந்தக் கணத்தில் உடையும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், புதியது வர வரப் பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். உடைந்த சத்தம் கேட்டுப் பொத்தானை அமுக்கினால், அதற்கு முந்தைய இரண்டு நொடியை மட்டும் பத்திரப்படுத்தும். இவளுக்காக அதை மாற்றி வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். நான் சொன்ன கதை, அவள் சிரித்த சிரிப்பு, எதுவும் அதில் இல்லை.

தலையில் அடித்துக்கொண்டேன். சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் யாருக்குச் சிரிப்பு வரும்?

ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை. அந்த இரண்டு நொடியை மெதுவாக ஓடவிட்டேன்.

இரண்டு நொடி ஒரு நிமிடத்துக்கும் மேல் நீண்டது. சத்தம் எதுவும் கிடையாது. அவள் காதோரத்து முடி ஒன்று எழுந்து, எந்த அவசரமும் இல்லாமல் திரும்பப் படிந்தது. வெளிச்சத்தில் ஒரு தூசி இறங்கிவந்து, அவள் மூச்சில் தயங்கி, வேறு வழியாகப் போனது. எனக்கே தூக்கத்தில் பார்ப்பது போல் இருந்தது. மெல்ல, மிக மெல்ல, அவள் கண்மணிகள் லென்ஸை விட்டு என் பக்கம் நகர்ந்தன. நான் வாயில் மூடியோடு கேமராவைக் கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது.

அவளுடைய வலது கடைவாய் உயர்ந்தது. கூடவே இடதும்.

நூலளவு இல்லை, முழுதாகவே உயர்ந்தது. இரண்டு கன்னமும் ஒன்றாக ஏறின. இடது கன்னத்தில் அந்தப் பழைய குழி விழுந்தது.

அடுத்த சில படங்களில் அவள் கீழுதட்டைக் கடித்தாள். பிறகு, தூங்கும் குழந்தையைப் படுக்கையில் கிடத்துவது போல, இடது கன்னத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கீழே இறக்கினாள்.

திரும்பினேன். என் தோளுக்குப் பின்னால் நின்று அவளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன மாதமே கண்ணாடியில் பார்த்துவிட்டாளாம். கோபம் வந்தது. அதற்கு முன்பே அழுகை வந்துவிட்டது. தினமும் நான் தவிப்பதைப் பார்த்துக்கொண்டே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் மேசையிலிருந்த மூடியை எடுத்து, என் எச்சிலைப் புடவையில் துடைத்துவிட்டு, லென்ஸை மூடினாள்.

“சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் நீங்க எதுக்குங்க என் மூஞ்சியப் பாக்கப் போறீங்க?”