ஒத்திகையில் ஒரு பெயர்

கொள்ளைநோய் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று ஆராய்வதுதான் பூங்கோதையின் வேலை. அவள் வகுத்த திட்டத்தை அன்று மாவட்ட மருத்துவமனையில் ஒத்திகை பார்த்தார்கள். நோயாளிகளாக நடிக்க வந்த கல்லூரிப் பெண்களின் கழுத்தில் பொய்ப் பெயர் எழுதிய அட்டைகளை அவள் மாட்டிக்கொண்டிருந்தபோது, கேன்டீனில் வேலை பார்க்கும் செல்லக்கனி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"மேடம், ஒரு பிள்ளைக்கு முத்துப்பேச்சின்னு பேரு எழுதுங்களேன். எம் மவ. போன காய்ச்சல்ல, இந்தா இந்த கேட்டுக்கு வெளிய, ஆம்புலன்ஸ்லயே போயிட்டா. பெட்டு இல்லன்னுட்டாவ."

அந்தக் காய்ச்சல் பரவுவதற்கு முன்பே பூங்கோதை இதே திட்டத்தை எழுதிக் கொடுத்திருந்தாள். யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதை இவளிடம் எப்படிச் சொல்வது? ஓர் அட்டையில் அந்தப் பெயரை எழுதி ஒரு பெண்ணின் கழுத்தில் மாட்டினாள்.

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது. ஸ்ட்ரெச்சரை இறக்கி ஓடினார்கள். செல்லக்கனியும் அதன் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். "முத்துப்பேச்சிக்கு ஆக்சிஜன் போடுங்க!" என்று டாக்டர் கத்தினார். படுக்கை தயாராக இருந்தது.

ஒத்திகை முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். நடித்த பெண் சிரித்துக்கொண்டே எழப் போனாள். செல்லக்கனி அவள் தோளை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"படுத்துக்கோ தாயி. இன்னுங் கொஞ்ச நேரம்."

பூங்கோதை மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு வார்டின் கதவைச் சாத்தினாள்.